தூளிக்குப் பக்கத்துக் காற்று

பெருமாயியிடம் அதுவரை யாரும் அவள் வேலையைப் பற்றி எதையும் கேட்டதில்லை. அதனால், மருத்துவக் கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்திறங்கிய தனப்பிரியா, “கொலுசு பத்தவைக்க எந்த வயசுல உக்காந்தீங்கம்மா?” என்று கேட்டபோது, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“கண்ணாலமாகி வந்த மறு மாசமே உக்காந்தாச்சுங்க அம்மிணி. அவுரு கம்பி இழுப்பாரு, நான் பத்தவைப்பேன். கை சும்மா இருந்த நாளே இல்லீங்க.”

பனமரத்துப்பட்டி போகும் சாலையிலிருந்து பிரிகிற அந்த ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கொலுசு வேலைதான். டவுன் வியாபாரிகள் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள். அதைக் கம்பியாக இழுப்பது ஆண்கள். வளையங்களைக் கோத்து, பொடி தூவி, நெருப்பை ஊதிப் பத்தவைப்பது, அதாவது ஒட்டவைப்பது, பெண்களின் வேலை. அந்தப் பொடியில் காட்மியம் என்ற உலோகம் கலந்திருந்தது. அது கலந்தால் பொடி குறைந்த சூட்டிலேயே உருகி ஓடும். ஒட்டு தெரியாமல் பளிச்சென்று நிற்கும். உருகும்போது மஞ்சளும் பழுப்புமாக ஒரு புகை எழும். மூச்சோடு உள்ளே போகிற அந்தப் புகை சிறுநீரகத்தில் போய்த் தங்கிவிடும். இருபது வருடம் ஆனாலும் முழுதாக வெளியேறாது.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஊரில் யார் எவ்வளவு சுவாசித்தார்கள் என்பது எங்கும் இல்லை. புகை இருந்த காலத்தில் ஒருவரும் காற்றை அளக்கவில்லை. இப்போது பொடி மாறிவிட்டது. வேலையில் பாதி மெஷினுக்குப் போய்விட்டது. அடித்து ஓய்ந்த காற்றைத் திரும்பப் பிடித்து அளக்க முடியாது. எந்த அறையில் உட்கார்ந்தார்கள், சன்னல் இருந்ததா, கூரை எவ்வளவு உயரம், என்ன பொடி என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் உத்தேச அளவைக் கணக்கிட வேண்டும். அதுதான் தனப்பிரியாவின் ஆராய்ச்சி. திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து படிக்க வந்தவள். வீட்டில் யார் கேட்டாலும் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லிப் புரியவைக்க அவளால் முடிந்ததில்லை.

பெருமாயியின் கணவர் சென்றாயனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு, காலை நீட்டி, வீங்கிய பாதங்களைப் பார்த்தபடி படுத்திருப்பார். தனப்பிரியா எதையாவது கேட்டால், “அவளக் கேளுங்கம்மா, எல்லாம் அவதான் ஞாபகம் வச்சிருக்கறா” என்பார்.

ஆனால் அந்த வீட்டில் அப்போது ஒரு நம்பிக்கையும் இருந்தது. மகன் இளஞ்செழியன் அப்பாவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. சேலத்தில் பைக் ஷோரூமில் மெக்கானிக்காக இருந்தான்; கல்யாணம் ஆகவில்லை. முதலில் பெருமாயிதான் கொடுப்பதாக இருந்தது. அவள் சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்று மருத்துவர்கள் அவளை விலக்கிவிட்டார்கள். மகனுக்கு எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. சென்றாயன் பல மாதம் முடியாது என்று சொல்லிப் பார்த்தார். இளஞ்செழியன் கேட்கவில்லை. தைக் கடைசியில் ஆப்பரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள்.

கேள்வி கேட்டுக் கிடைக்கிற பதில்கள் தனப்பிரியாவுக்குப் போதவில்லை. ஒருவர் நிறையப் புகை என்றார், இன்னொருவர் அப்படியொன்றும் இல்லை என்றார். பழைய பட்டறைகள் இடிந்தோ மாடி வீடாகியோ போயிருந்தன. பெருமாயியின் பழைய அறை மட்டும் கொல்லையில் அப்படியே நின்றது. மண் சுவர், தாழ்ந்த சிமெண்ட் சீட்டுக் கூரை, ஒரு கதவு. இப்போது விறகும் ஆட்டுத் தழையும் போட்டு வைத்திருந்தார்கள்.

“அந்த அறையில ஒரு நாள் பழையபடி வேலை செஞ்சு காட்டுவீங்களாம்மா?” என்று கேட்டாள். “இப்ப வர்ற பொடியத்தான் கொண்டாறேன், அதுல காட்மியம் இல்ல. புகை எங்க எங்க போகுதுன்னு மட்டும் அளந்துக்கறேன். அதை வச்சுப் பழசக் கணக்குப் போட்டுருவேன்.”

சென்றாயன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். “மறுக்காவும் அதுக்குள்ளயா போயி உக்காரப்போற?”

“ஒரு நாளுதானுங்களே” என்றாள் பெருமாயி.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தார்கள். இளஞ்செழியன் விறகை வெளியே எடுத்துப் போட்டு அறையைக் கூட்டிக் கொடுத்தான். தனப்பிரியா கைக்கு அடக்கமான காற்று உறிஞ்சும் பம்புகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய வடிதாள். புகை அதில் படியும். ஒன்றைப் பெருமாயியின் கழுத்தோரம் சேலையில் குத்தினாள். ஒன்றைக் கதவுக்கு அருகே வைத்தாள். ஒன்றைச் சென்றாயன் உட்கார்ந்து கம்பி இழுத்த மூலையில் வைத்தாள். பழுதானால் மாற்ற வேண்டுமே என்று கொண்டுவந்த பம்பு ஒன்று கையில் மிஞ்சியது.

“அத என்ன பண்றது?” என்றாள் பெருமாயி.

“எங்கியாச்சும் வைக்கலாம். ஆள் யாராவது இருந்த இடமா இருந்தா நல்லது.”

பெருமாயி அண்ணாந்து பார்த்தாள். கூரையின் குறுக்குக் கட்டையில் துருப்பிடித்த ஒரு கொக்கி இருந்தது. “அப்ப அங்க வைங்க. இவன் அங்கதான கெடந்தான். தூளி அதுலதான் தொங்கும். ஒத்தக் காலால கயித்த இழுத்து ஆட்டிக்கிட்டே பத்தவைப்பேன்.”

இளஞ்செழியன் சிரித்தான். பெருமாயி உள்ளே போய் ஒரு பழஞ்சேலையைக் கொண்டுவந்து, அந்தக் கொக்கியில் தூளி மாதிரியே கட்டிக் கொடுத்தாள். பம்பை அதற்குள் வைத்து, “அளந்து பாருங்க மேடம், நான் எவ்வளவு குடிச்சேன்னு” என்றான் அவன்.

கதவைச் சாத்தினார்கள். திறந்து வைத்தால் பொடி பறக்கும், நெருப்பு அலையும் என்று அந்தக் காலத்தில் யாருமே திறந்து வைத்ததில்லை. பெருமாயியின் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. வெளியே வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

வடிதாள்களின் முடிவு பொங்கலுக்கு முந்தைய வாரம் வந்தது. தூளியில் இருந்த தாளில்தான் எல்லாவற்றையும் விட அதிகம் படிந்திருந்தது. பெருமாயியின் கழுத்தோரத்தில் இருந்ததை விடவும் அதிகம். பம்பில் ஏதோ கோளாறு என்று தனப்பிரியா நினைத்தாள். வேறு பம்பு வாங்கிப் போய், அதே அறையில் எண்ணெய்ப் புகை போட்டு மறுபடி அளந்தாள். அப்போதும் அப்படியே வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. சூடான புகை மேலே போகும். தாழ்ந்த கூரையில் முட்டி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே திரண்டு நிற்கும். வேலை செய்கிறவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை புகைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இளஞ்செழியனுக்கும் கணக்குப் போட்டாள். தூளியில் கிடந்த காலம், பிறகு அதே அறையில் பாய் போட்டுப் படுத்த காலம், புது வீடு கட்டிப் போகும்வரை. அவன் வாழ்நாளில் ஒரு வளையத்தைக்கூடப் பத்தவைத்ததில்லை. கணக்கில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

பேராசிரியரிடம் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

“அவன் தொழிலாளி இல்லையேம்மா. நம்ம ஆய்வுல அவனுக்கு இடமே இல்ல.”

“ஆய்வுல வேண்டாம் சார். ஆப்பரேஷன் இன்னும் கொஞ்ச நாள்ல இருக்குது.”

“உன்னோட இந்த அளவு பாதியாவும் இருக்கலாம், ரெண்டு மடங்காவும் இருக்கலாம். அது உனக்கே தெரியும். இதை நம்பி ஒருத்தருக்குக் கிடைக்கப்போற கிட்னியை நிறுத்துவியா?”

அவர் சொன்னது தப்பில்லை. இருந்தாலும் மறுநாள் மதியம் அவள் பைக் ஷோரூமுக்குப் போனாள். இளஞ்செழியன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். எதிர்ப்புற டீக்கடையில் நின்று சொன்னாள்.

“எனக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல்ன்னாங்களே மேடம்.”

“அந்த டெஸ்ட்டெல்லாம் சரிதான். இது வேற. காட்மியம் கெடுக்க ஆரம்பிச்சா சின்னதா ஒரு புரதம் முதல்ல இறங்கும். அத வழக்கமா யாரும் பாக்க மாட்டாங்க. ஒரு தடவை பாத்துரலாம். இல்லைன்னா நான் சொன்னதை மறந்துருங்க.”

“எங்கம்மாகிட்டச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க.”

அவன் சோதனைக்குக் கொடுத்தான். அந்தப் புரதம் இறங்கிக்கொண்டிருந்தது. காட்மியமும் இருக்கக்கூடாத அளவு இருந்தது. தனப்பிரியா கணக்கிட்ட அளவுக்கு ஏறக்குறைய பொருந்தியது. அவளுடைய கணக்கு சரியாக வந்த முதல் ஆள் அவன்தான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கல்லூரி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இளஞ்செழியன் முடிவைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“யாருக்கும் தெரிய வேணாம் மேடம். நான் குடுத்துர்றேன். எனக்கு ஒண்ணு போதும்.”

“ஒண்ணு போதாமப் போகலாம்.”

“அது பின்னால பாத்துக்கறேன். எங்கப்பாவுக்கு பின்னாலங்கறதே இல்ல.”

அதற்கு மேல் சொல்லத்தான் வேண்டுமா என்று அவள் தயங்கினாள். சொல்லாமல் போகவும் முடியவில்லை. “நீங்க குடுக்கற கிட்னியிலயும் அதே காட்மியம்தான் இருக்குது. அப்பாவோடது எதனால போச்சோ அதே.”

அவன் முகம் அப்போதுதான் மாறியது. “அப்ப அவருக்கும் உதவாதா?”

“உதவாதுன்னு என்னால சொல்ல முடியாது. நல்ல கிட்னி மாதிரி உதவும்னும் சொல்ல முடியாது.”

“உங்களுக்கு என்னதான் மேடம் சொல்ல முடியும்?” என்று கேட்டுவிட்டு அவன் சாலையைக் கடந்து ஷோரூமுக்குள் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து அவனாகவே மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டினான். ஆப்பரேஷன் நின்றது. வீட்டில் வேறு மாதிரி சொன்னான்: கடைசி நேரத்தில் ஏதோ பொருத்தம் இல்லையாம். சென்றாயன் அதைக் கேட்டுவிட்டு வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறைய மோர்ச்சோறு சாப்பிட்டார். “உடு சாமி. உன்னைய அறுத்து எனக்கு வைக்கறது எனக்கு மொதல்லயே புடிக்கல” என்றார். அவருக்கு உண்மைக் காரணம் கடைசிவரை தெரியாது.

பெருமாயி அப்படி நம்பிவிடவில்லை. தனப்பிரியா அடுத்த முறை வந்தபோது அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்த மிசினுல என்ன வந்துச்சுங்க அம்மிணி?”

“எந்த மிசினும்மா?”

“மேல கட்டுனது.”

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இளஞ்செழியன் தனப்பிரியாவிடம் கேட்டிருந்தான். பெருமாயி அவள் முகத்தையே பார்த்தாள். பார்த்தது போதும் என்பதுபோலத் தழைக்கட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பொடி பறந்துருமேன்னு கதவச் சாத்தி வைப்பேன்” என்றாள். “இவன் அழுவவே மாட்டான். போட்டதும் தூங்கிருவான். எத்தன தங்கமான புள்ளைன்னு ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

ஆடு தழையை இழுத்தது. அவள் கயிற்றை விடாமல் பிடித்திருந்தாள்.

“உங்களுக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது அப்ப.”

“பொடி குடுத்தவங்களுக்குமா தெரியாது?”

“தெரிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியல.”

பெருமாயி தலையாட்டினாள். அன்று அவள் காபி போட்டுக் கொடுக்கவில்லை. தனப்பிரியா ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மட்டும் வாசல்வரை வந்து, “பாத்துப் போங்க” என்றாள்.

சென்றாயன் பங்குனிக் கடைசியில் இறந்தார். டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வருகிற வழியில், மகனின் தோளில் சாய்ந்திருந்தபோதே உயிர் போய்விட்டது. தூங்குகிறார் என்று நினைத்து இளஞ்செழியன் ஊர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். தனப்பிரியா மாலை வாங்கிக்கொண்டு போனாள். பந்தலில் உறவுக்காரர் ஒருவர், “பையன் குடுக்கறேன்னு சொல்லிட்டுக் கடைசியில பயந்துட்டானாமே” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. இளஞ்செழியன் காதிலும் விழுந்திருக்கும். அவன் திரும்பவில்லை.

அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையில் தூளி ஒரு பத்தியாக வந்தது. வீட்டிலேயே வேலை நடந்த இடங்களில் பிள்ளைகளுக்கும் பாதிப்பு இருந்திருக்கலாம், மேலும் ஆராய வேண்டும் என்று எழுதினாள். அந்தப் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்குவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

ஊரில் யாரும் சோதனைக்கு வரவில்லை. கூட வருகிறேன் என்று பெருமாயி தானாகவே சொன்னாள். இருவரும் வீடு வீடாகப் போனார்கள். பெருமாயியோடு கூடவே உட்கார்ந்து பத்தவைத்த பெண்கள்தான் எல்லோரும். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள். சித்ரா என்பவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அவள் மகள் கனிஷ்காவுக்கு எடப்பாடியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, உனக்குப் புருசன் போயிட்டாரு, பாவம். அதுக்காக எம்புள்ளைக்கு நோவுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியாத.”

“நோவுன்னு யாருடி சொன்னா? இருக்குதான்னு பாக்கத்தான.”

“பாத்தா இருக்குன்னுதான் சொல்லுவீங்க. அப்பறம் எவன் கட்டிக்குவான்?”

பெருமாயி திரும்பி நடக்கும்போது தனப்பிரியாவிடம், “எங்கிட்ட வந்து கேட்டிருந்தாலும் நானும் அதத்தான் சொல்லியிருப்பேனுங்க அம்மிணி” என்றாள்.

கடைசியில் ஆட்களைக் கொண்டுவந்தது இளஞ்செழியன். தனப்பிரியாவிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. தன்னோடு பள்ளிக்கூடம் போனவர்கள், கோயில் திருவிழாவில் கூட ஆடியவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய், தன் சோதனைத் தாளைக் காட்டியிருக்கிறான். அப்பாவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை காலை அவர்களில் சிலரோடு கல்லூரிக்கு வந்து நின்றான். எல்லோருக்கும் பின்னால், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கனிஷ்காவும் வந்திருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் பரீட்சை என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

“உங்களுக்கு இப்ப எப்படி இருக்குது?” என்று தனப்பிரியா இளஞ்செழியனிடம் கேட்டாள். அவன் தாடி வைத்திருந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான்.

“வேலைக்குப் போறேன் மேடம்” என்றான். வெளியே மரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

கனிஷ்காவின் முறை வந்தது. வயது, படிப்பு, குடிக்கிற தண்ணீர் என்று கேட்டபின், தனப்பிரியா கேட்க வேண்டியதைக் கேட்டாள். “குழந்தையா இருந்தப்ப உங்க ஊட்டுல எங்க படுத்திருந்தீங்க? உங்கம்மா வேலை செஞ்ச ரூமுலயா, வேற ரூமுலயா?”

“எனக்குத் தெரியலையே மேடம். அம்மாவத்தான் கேக்கணும்.”

“பரவாயில்ல, தெரியாதுன்னே இருக்கட்டும்.”

கனிஷ்கா சற்று யோசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். தனப்பிரியா வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் மணி போய்விட்டது.

“அம்மா, நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப என்னைய எங்க படுக்க வைப்ப?”

அந்தப் பக்கத்தில் டிவி ஓடுகிற சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு அது நின்றது.

“பரீட்சைக்குப் போறேன்னு எங்கடி போன?” என்றது சித்ராவின் குரல்.

“சொல்லும்மா. எங்க?”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கனிஷ்கா செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சித்ரா மெதுவாக ஏதோ சொன்னாள். கனிஷ்கா, “ம்” என்றாள். இன்னொரு முறை, “ம்” என்றாள். “அழாதம்மா, வந்து பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டு, தனப்பிரியாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா மடியிலயாம் மேடம். வேலை செய்யறப்பவும் கீழ எறக்கி விடமாட்டாங்களாம்.”